சுண்ணாம்பு தின்னும் தண்ணீர், சுண்ணாம்பு கக்கும் தண்ணீர்

குலசேகரத்துக்குப் பக்கம் ரப்பர் தோட்டத்துக்குள் என் மாமாவுக்கு ஒரு வீடு இருக்கிறது. திற்பரப்பு அருவிக்கு வருகிறவர்கள் தங்கட்டும் என்று அதை ஹோம்ஸ்டே ஆக்கியபோது, பின்பக்கம் சின்னதாக ஒரு நீச்சல் குளமும் கட்டினார். ஆற்றுக்கும் குளத்துக்கும் பஞ்சமில்லாத மாவட்டத்தில் காசு கொட்டி இன்னொரு குளம் எதற்கு என்று கேட்டவர்களுக்கு, "டவுன்காரனுக்கு நீலத் தண்ணிதான் வேணும்" என்பது அவருடைய பதில்.

இரண்டு மழைக்காலம் போனது. வெள்ளைச் சிமெண்டும் மார்பிள் தூளும் சேர்த்து வழவழப்பாகப் பூசியிருந்த சுவர், கை வைத்தால் உப்புத்தாள் போல் உரசியது. குளித்துவிட்டு ஏறிய பிள்ளைகளின் கால்விரல் தோல் உரிந்திருந்தது. கொத்தனார் சிமெண்டில் கை வைத்துவிட்டார் என்று மாமா முடிவே கட்டிவிட்டார். "அண்ணாச்சி, கலவை சரியாத்தான் போட்டேன். இந்தத் தண்ணிதான் சுவரைத் திங்குது" என்று கொத்தனார் சொன்னதை யாரும் காதில் வாங்கவில்லை.

அதே சமயத்தில் கன்னியாகுமரி கடற்கரையோரம் லாட்ஜ் வைத்திருக்கும் என் நண்பனுக்கு நேர் எதிரான தலைவலி. அவனுடைய குளம் நீல மொசைக் டைல்ஸ் ஒட்டியது. தண்ணீர் மட்டம் நிற்கும் இடத்தில் நான்கு சுவரிலும் வெள்ளைப் பட்டை ஒன்று படிந்து, மாதாமாதம் தடித்துக்கொண்டே போனது. பிரஷ் போட்டுத் தேய்த்தாலும் போகாது. ஒழுங்காகக் கழுவுவதில்லை என்று துப்புரவுப் பையனுக்குத் தினமும் திட்டு.

கொத்தனார் மேலும் தப்பில்லை, பையன் மேலும் தப்பில்லை. இரண்டு இடத்திலும் வேலையைக் காட்டியது தண்ணீரில் கரைந்திருக்கும் கால்சியம், அதாவது நமக்கு நன்றாகத் தெரிந்த சுண்ணாம்பு. மாமாவின் குளத்தில் அது போதவில்லை. நண்பனின் குளத்தில் அது மிஞ்சிவிட்டது. வெற்றிலை போடுகிறவர்களுக்கு இதைப் புரியவைப்பது எளிது: சுண்ணாம்பு குறைந்தால் வாய் சிவக்காது, கூடினால் வெந்துவிடும்.

ஊதினால் பால், இன்னும் ஊதினால் தெளிவு

பள்ளிக்கூடத்தில் ஒரு சோதனை செய்திருப்போம். நீற்றிய சுண்ணாம்பைத் தண்ணீரில் கலக்கித் தெளியவைத்து, மேலே நிற்கும் தெளிந்த நீரை ஒரு கண்ணாடிக் குழாயில் எடுத்து, அதில் ஸ்டிரா வைத்து ஊதுவோம். நம் மூச்சில் இருக்கும் கார்பன் டை ஆக்சைடு பட்டதும் அது பால்போல் ஆகும். அந்த வெள்ளைதான் கால்சியம் கார்பனேட். சிப்பி, கிளிஞ்சல், மார்பிள், முட்டை ஓடு எல்லாமே பெரும்பாலும் இதே பொருள்தான்.

பலர் அதோடு ஊதுவதை நிறுத்திவிடுவார்கள். விடாமல் ஊதினால் வேடிக்கை ஒன்று நடக்கும்: பால் மறுபடியும் தெளிந்துவிடும். கூடுதலாகப் போன கார்பன் டை ஆக்சைடு தண்ணீரில் லேசான அமிலமாகி, அந்த வெள்ளைப் பொடியைக் கரைத்துக்கொள்கிறது. சுண்ணாம்பு எங்கும் போய்விடவில்லை; கண்ணுக்குத் தெரியாமல் கரைந்து நிற்கிறது. இப்போது அந்தக் குழாயைச் சூடாக்கினால் வாயு வெளியேறி, சுண்ணாம்பு திரும்பவும் வெள்ளையாகத் திரளும்.

நீச்சல் குளத்தில் வருடம் முழுக்க நடப்பது இவ்வளவுதான். தண்ணீருக்கு ஒரு குறிப்பிட்ட அளவு சுண்ணாம்பைக் கரைத்து வைத்துக்கொள்ள முடியும். அந்த அளவுக்குக் கீழே இருந்தால், கிடைக்கிற இடத்திலிருந்து எடுத்துக்கொள்ளும்; குளத்தில் கிடைக்கிற இடம் சுவர்தான். அளவுக்கு மேலே போனால், வைத்துக்கொள்ள முடியாததை எங்கேயாவது இறக்கி வைக்கும். அதற்கும் அதே சுவர்தான்.

இதில் ஒரு விசித்திரம் உண்டு. சர்க்கரையோ உப்போ சூடான தண்ணீரில் அதிகம் கரையும். கால்சியம் கார்பனேட் அப்படி இல்லை, சூடு ஏற ஏறக் குறைவாகவே கரையும். வெந்நீர் போடும் பாத்திரத்தின் அடியில் வெள்ளைப் பொருக்கு கட்டுவது இதனால்தான். வெயில் நாளில், வெதுவெதுப்பாகி ஆவியாகிக்கொண்டிருக்கும் நீர்மட்டத்தில்தான் நண்பனின் டைல்ஸில் பட்டை விழுந்தது, தரையில் விழவில்லை.

சிமெண்டுக்கு ஏன் இவ்வளவு பாதிப்பு என்ற கேள்விக்கும் விடை இங்கேயே இருக்கிறது. சிமெண்ட் தண்ணீர் பட்டு இறுகும்போது அதற்குள்ளேயே கால்சியம் ஹைட்ராக்சைடு உண்டாகிறது. அதற்கு ஊர்ப்பெயர் நீற்றிய சுண்ணாம்பு. இறுகிய சிமெண்டில் ஏறக்குறைய நாலில் ஒரு பங்கு வரை அது இருக்கும். சிமெண்டில் இருக்கும் பொருட்களில் தண்ணீருக்குச் சுலபமாகக் கரைவதும் அதுதான். சுண்ணாம்பு குறைந்த நீரை ஒரு சிமெண்ட் தொட்டியில் நிரப்புவது, பசியோடு வந்தவனைப் பந்தியில் உட்காரவைப்பது மாதிரி.

எந்தப் பரப்புக்கு என்ன ஆகும்

வெள்ளைச் சிமெண்ட் பூச்சில் முதலில் மினுமினுப்பு போகும். அப்புறம் ஊசி குத்தியது போல் சிறு குழிகள், அதன்பின் சொரசொரப்பு. அந்தக் குழிகளில் பாசி போய் உட்கார்ந்துகொண்டால் குளோரின் எட்டுவது கடினம். எவ்வளவு தேய்த்தாலும் பச்சை திரும்பத் திரும்ப வருகிறது என்று புலம்புகிற குளங்களில் பாதி, உண்மையில் சுவர் அரிக்கப்பட்ட குளங்கள் என்பது என் கணிப்பு. பூச்சு புதிதாக இருக்கும்போது ஆபத்து இன்னும் அதிகம். சிமெண்ட் முழுமையாக இறுக 28 நாள் கணக்கு சொல்வார்கள்; அந்த முதல் மாதத்தில் சுண்ணாம்பு இல்லாத தண்ணீர் நின்றால் பூச்சின் ஆயுளில் பல வருடம் குறைந்துவிடும்.

கூழாங்கல் பதித்த பூச்சும் இதே கதைதான். கல்லுக்கு ஒன்றும் ஆகாது, கல்லைப் பிடித்திருக்கும் சிமெண்ட் கரையும். ஒருநாள் குளத்தடியை உறிஞ்சிச் சுத்தம் செய்யும் வாக்கம் குழாயில் கடகடவென்று கல் ஓடும் சத்தம் கேட்கும்போதுதான் தெரியவரும்.

டைல்ஸ் போட்டால் கவலையில்லை என்று நம்மூரில் ஒரு நம்பிக்கை. அது பாதி சரி. டைல்ஸின் மேல் உள்ள கண்ணாடிப் பூச்சைத் தண்ணீர் தொட முடியாது. ஆனால் இரண்டு டைல்ஸுக்கு நடுவே இருக்கும் கிரவுட் என்ன? அது பெரும்பாலும் சிமெண்ட். அது கரைந்து பள்ளமாகும், பள்ளத்தின் வழியே தண்ணீர் பின்னால் போகும், பின்னால் ஒட்டியிருக்கும் சிமெண்ட் கலவையும் தளரும். பிறகு தட்டிப் பார்த்தால் டொக் டொக் என்று வெற்றுச் சத்தம் வரும், அடுத்த மாதம் டைல்ஸ் கையோடு வரும். சிமெண்டுக்குப் பதில் பிசினால் ஆன எபாக்சி கிரவுட் இதிலிருந்து தப்பிக்கும். விலை கூடத்தான், போடுகிறவருக்கும் பழக்கம் வேண்டும். சுண்ணாம்பு குறைந்த மலைப்பக்கத் தண்ணீருக்கு அந்தக் கூடுதல் செலவு வீண் என்று நான் சொல்லமாட்டேன்.

சுண்ணாம்பு மிஞ்சினால் டைல்ஸில் பட்டை விழும், கரும்நீல மொசைக்கில் இன்னும் பளிச்சென்று தெரியும். அசிங்கமாக இருக்குமே தவிர டைல்ஸ் கெடாது, எடுத்தும் விடலாம். சிமெண்ட் பூச்சில் படிந்த பொருக்கை எடுப்பதுதான் கொடுமை. பொருக்கும் சுண்ணாம்பு, அடியில் இருக்கும் சுவரும் சுண்ணாம்பு. ஆசிட்டுக்கு இரண்டும் ஒன்றுதான், பொருக்கோடு சேர்த்துச் சுவரையும் அரிக்கும்.

ஃபைபர் குளம் இப்போது பல வீடுகளில் வந்துவிட்டது. தொட்டியாகவே செய்து லாரியில் கொண்டுவந்து குழிக்குள் இறக்குகிறார்கள். அதன் உட்பூச்சு பிசின் வகை, தண்ணீர் தின்ன அதில் சுண்ணாம்பு கிடையாது. எனவே கால்சியம் குறைவதைப் பற்றி அதற்கு அக்கறை இல்லை. கூடினால்தான் தொல்லை: பொருக்கு ஒட்டிக்கொள்ளும், அதை எடுக்கிறேன் என்று உப்புத்தாளாலோ நுரைக்கல்லாலோ தேய்த்தால் பூச்சு மங்கிவிடும். பிளாஸ்டிக் விரிப்பு போட்ட குளங்களும், பிள்ளைகளுக்கு வாங்கும் சட்டம் வைத்த தொட்டிகளும் இந்தச் சாதியே. அவற்றுக்குக் கால்சியத்தைவிட எதிரி, தண்ணீர் புளிப்பேறுவதும் குளோரின் மிஞ்சுவதும்தான்.

பெயின்ட் அடித்த சிமெண்ட் குளத்தை எதில் சேர்ப்பது? பெயின்ட் நன்றாக இருக்கும்வரை ஃபைபர் மாதிரி, உரிந்த இடத்தில் சிமெண்ட் மாதிரி.

அதிகம் பேரை ஏமாற்றுவது கல். கருங்கல்லை இந்தத் தண்ணீர் ஒன்றும் செய்யாது. சுசீந்திரம் தெப்பக்குளத்தின் படிகளில் எத்தனை தலைமுறை மழை விழுந்திருக்கும், அந்தக் கல்லில் தண்ணீர் தேடும் சுண்ணாம்பு கிடையாது. ஆனால் கடப்பா கல்லும் கோட்டா கல்லும் பார்ப்பதற்குத்தான் கருங்கல் போல உறுதியானவை, இரண்டுமே சுண்ணாம்புக் கல் வகை. மார்பிளும் அப்படியே. குளத்தின் விளிம்பில் கடப்பா கல் பதித்துவிட்டு, பக்கத்து டைல்ஸில் உள்ள பட்டையை எடுக்க ஆசிட் ஊற்றிய ஒரு வீட்டைப் பார்த்திருக்கிறேன். டைல்ஸ் பளபளத்தது, கல் நுரைத்துச் சாம்பல் பூத்துப் போனது.

கால்சியம் மட்டும் பார்த்தால் போதாது

குளத்துக் கால்சியத்தைப் பிபிஎம் கணக்கில் சொல்வார்கள். ஒரு லிட்டரில் இத்தனை மில்லிகிராம் என்று பொருள். சிமெண்ட் பூச்சுக்கும் சிமெண்ட் கிரவுட்டுக்கும் 200 முதல் 400 வரை இருப்பது நல்லது. ஃபைபருக்கும் பிளாஸ்டிக்குக்கும் 150 முதல் 250 போதும், அதற்குக் கீழே போனாலும் பரப்பு அழிந்துவிடாது.

இந்த எண்ணில் ஒரு பொறி இருக்கிறது. குளத்துக்காரர்கள் சொல்லும் அளவு கால்சியம் கார்பனேட்டாக மாற்றிச் சொன்னது. சில ஆய்வக அறிக்கைகளில் வெறும் கால்சியமாகப் போட்டிருப்பார்கள். அதை 2.5 ஆல் பெருக்க வேண்டும். கால்சியம் 80 என்று இருந்தால் குளக் கணக்கில் 200. இன்னொன்று, மொத்தக் கடினத்தன்மை என்ற வரியைப் பார்த்து ஏமாறக் கூடாது. அதில் மக்னீசியமும் சேர்ந்திருக்கும், மக்னீசியம் நம் சுவரைக் காப்பாற்றாது. கடைகளில் கிடைக்கும் காகிதப் பட்டைச் சோதனைகள் பெரும்பாலும் இந்த மொத்தக் கணக்கைத்தான் காட்டும். சொட்டு மருந்து விட்டு, சிவப்பு நீலமாக மாறும்வரை சொட்டுகளை எண்ணும் கிட் நம்பகமானது.

சரி, கால்சியம் 200 இருந்தால் நிம்மதியாகத் தூங்கலாமா? முடியாது. தண்ணீர் எவ்வளவு சுண்ணாம்பைத் தாங்கும் என்பது பிஹெச் (தண்ணீரின் புளிப்பைக் காட்டும் எண்; எண் குறையக் குறையப் புளிப்பு கூடும்), காரத்தன்மை (பிஹெச் சட்டென்று விழாமல் தாங்கும் சக்தி; இதையும் பிபிஎம்மில்தான் சொல்வார்கள்), வெப்பம் மூன்றையும் பொறுத்தது. இவற்றை ஒன்றாகக் கூட்டிப் பார்க்க ஒரு வழியை, கலிபோர்னியா பல்கலைக்கழகத்தில் பேராசிரியராக இருந்த வில்ஃப்ரெட் லாஞ்சலியர் 1936 இல் வெளியிட்டார். குளத்துக்காக அவர் அதைச் செய்யவில்லை, ஊருக்குத் தண்ணீர் கொண்டுபோகும் குழாய்களுக்காகச் செய்தார். இன்று அது அவர் பெயரிலேயே லாஞ்சலியர் குறியீடு.

கணக்கு பயப்படும்படி இல்லை. பிஹெச் எண்ணை அப்படியே எடுத்துக்கொள்ளுங்கள். வெப்பத்துக்கு ஒரு எண் உண்டு, நம்மூர்க் குளத்து நீர் 29 டிகிரி என்றால் அது 0.7. கால்சியத்துக்கு 25 பிபிஎம் என்றால் 1.0, 50 க்கு 1.3, 100 க்கு 1.6, 200 க்கு 1.9, 400 க்கு 2.2. காரத்தன்மைக்கு 50 என்றால் 1.7, 100 என்றால் 2.0, 200 என்றால் 2.3. நான்கையும் கூட்டி 12.1 ஐக் கழிக்க வேண்டும். விடை பூஜ்யத்துக்குப் பக்கத்தில், மைனஸ் 0.3 இலிருந்து பிளஸ் 0.3 க்குள் இருந்தால் தண்ணீர் சமநிலையில் இருக்கிறது. அதற்குக் கீழே போனால் தின்னும், மேலே போனால் கக்கும்.

மாமாவின் குளத்தைப் போட்டுப் பார்த்தேன். பிஹெச் 7.2, கால்சியம் 25, காரத்தன்மை 50. கூட்டினால் 10.6. கழித்தால் மைனஸ் 1.5. கொத்தனார் சொன்னது அப்படியே எண்ணாக வந்து நின்றது.

நண்பனுக்கு பிஹெச் 7.9, கால்சியம் 600, காரத்தன்மை 200. கால்சியம் 600 க்கு எண் 2.4. கூட்டிக் கழித்தால் பிளஸ் 1.2.

மேலே உள்ள வரிசையைக் கொஞ்சம் நின்று பாருங்கள். கால்சியம் ஒவ்வொரு முறை இரட்டிப்பாகும்போதும் எண் வெறும் 0.3 தான் ஏறுகிறது. பிஹெச் 7.5 இலிருந்து 7.8 க்குப் போனாலும் அதே 0.3. அதாவது, கால்சியத்தை இரண்டு மடங்காக்குவதும் பிஹெச்சை இம்மியளவு தட்டுவதும் சுவருக்கு ஒன்றுதான். நண்பனின் குளத்தில் கால்சியத்தைத் தொடாமலே, ஆசிட்டைக் கொஞ்சம் கொஞ்சமாக விட்டு பிஹெச்சை 7.3 க்கும் காரத்தன்மையை 100 க்கும் இறக்கினால் விடை பிளஸ் 0.3 க்கு வந்துவிடுகிறது. கால்சியம், கால்சியம் என்று எல்லோரும் அதன் பின்னாலேயே ஓடுகிறார்கள். தினமும் ஆடுவது பிஹெச்தான். கால்சியம் மெதுவாக நகரும் பொருள், மாதம் ஒருமுறை பார்த்தால் போதும். பிஹெச்சை வாரம் இரண்டு முறையாவது பார்க்க வேண்டும்.

ஒரே மாவட்டம், இரண்டு தண்ணீர்

நம் குமரி மாவட்டத்தின் வடக்கே பேச்சிப்பாறை, பெருஞ்சாணி பக்கம் மலையிலிருந்து இறங்கும் நீர் பழம்பாறை மேல் ஓடி வருகிறது. அந்தப் பாறைகள் சுலபத்தில் கரைந்து சுண்ணாம்பு தருபவை அல்ல. எனவே அந்த ஓடைகளிலும் கிணறுகளிலும் பெரும்பாலும் மெல்லிய நீர்தான். சோப்பு போட்டால் நுரை அடங்காது, பருப்பு சீக்கிரம் வேகும். குடிக்கவும் குளிக்கவும் அதைவிட நல்ல தண்ணீர் கிடையாது. சிமெண்ட் குளத்துக்கு அதைவிட மோசமானதும் கிடையாது.

கடற்கரையோரம் போர் போட்டால் வேறு உலகம். சிப்பித் துகள் கலந்த மணல் வழியே இறங்கிய நீரும், கடலிலிருந்து உள்ளே வரும் நீரும் கலந்திருக்கும். இங்கே ஒரு குழப்பத்தைத் தீர்த்துவிட வேண்டும். உப்புக் கரிப்பது வேறு, சுண்ணாம்பு கூடியிருப்பது வேறு. கரிக்கும் தண்ணீரெல்லாம் சுண்ணாம்புத் தண்ணீர் இல்லை, கரிக்காத கிணற்றிலும் சுண்ணாம்பு ஏராளமாக இருக்கலாம். ஆனால் கடல் நீரில் இரண்டும் உண்டு. ஒரு லிட்டர் கடல் நீரில் கால்சியம் சுமார் 400 மில்லிகிராம், குளக் கணக்கில் 1000. ஆகவே கடல்நீர் ஊறிய போர் தண்ணீரில் உப்பைத் தேடும்போது சுண்ணாம்பையும் சேர்த்துத் தேடுவது நல்லது.

மழை இதையெல்லாம் குலைக்கும். தென்மேற்கும் வடகிழக்கும் இரண்டு பருவமழையும் நமக்கு உண்டு. மழை நீரில் கால்சியம் ஏறக்குறைய கிடையாது, காற்றிலுள்ள கார்பன் டை ஆக்சைடைக் கரைத்துக்கொண்டு லேசான புளிப்போடுதான் விழுகிறது. சராசரி 1.2 மீட்டர் ஆழமுள்ள குளத்தில் 300 மில்லிமீட்டர் மழை பெய்து, வழிந்து ஓடியது என்றால், 250 இல் இருந்த கால்சியம் 200 க்குப் பக்கம் வந்துவிடும். கோடையில் இதன் தலைகீழ். ஆவியாவது தண்ணீர் மட்டும், சுண்ணாம்பு குளத்திலேயே தங்கிவிடும். 10 மீட்டர் நீளம், 5 மீட்டர் அகலக் குளத்தில் தினம் 5 மில்லிமீட்டர் ஆவியானால் 250 லிட்டர், மாதம் 7,500 லிட்டர். அதை 300 பிபிஎம் போர் தண்ணீரால் நிரப்பிக்கொண்டே வந்தால், 60,000 லிட்டர் குளத்தில் மாதம் 37 பிபிஎம் போல ஏறும். காற்றாலை சுற்றும் ஆரல்வாய்மொழிப் பக்கம் குளம் வைத்திருந்தால் காற்றே கூடுதலாக உறிஞ்சிவிடும், அங்கே இன்னும் வேகம்.

அப்புறம் நாமே கொட்டுவது. கிருமி போக்கப் போடும் கால்சியம் ஹைப்போகுளோரைட் தூளில் பெயரிலேயே கால்சியம் இருக்கிறது. தினம் 2 பிபிஎம் குளோரினுக்கு அதைப் போட்டால் மாதம் 40 பிபிஎம் போலக் கால்சியம் ஏறும். கிணற்றுக்குப் போடும் சாதாரண ப்ளீச்சிங் பவுடரில் சுண்ணாம்பு அதைவிடக் கூடுதல், அடியில் வண்டலும் தங்கும். மாமாவின் குளத்துக்கு அந்தத் தூள் மருந்து, நண்பனின் குளத்துக்கு அதுவே வியாதி. நண்பன் திரவ ஹைப்போவுக்கு, அதாவது சோடியம் ஹைப்போகுளோரைட்டுக்கு, மாறுவது நல்லது, அதில் கால்சியம் இல்லை. மாமா போன்றவர்கள் மிதக்கவிடும் குளோரின் மாத்திரையைத் தவிர்ப்பது நல்லது, அது பிஹெச்சை இறக்கிக்கொண்டே போகும்.

மழைக்காலத்தில் ஓடைத் தண்ணீர் கலங்கி வந்தால் படிகாரம் போடும் வழக்கம் நம் வீடுகளில் உண்டு. குடத்துக்குச் சரி. சிமெண்ட் குளத்தில் கிலோக் கணக்கில் போட்டால் காரத்தன்மையை அது விழுங்கிவிடும், பின்னாலேயே பிஹெச்சும் விழும். மேலே உள்ள கணக்கில் அதன் பொருள் என்னவென்று பார்த்தோம்.

சரிசெய்வது

குறைந்த கால்சியத்துக்குக் கால்சியம் குளோரைடு போட வேண்டும். மாமாவின் 60,000 லிட்டருக்கு 25 இலிருந்து 200 க்கு ஏற்ற, செதிலாக வரும் சரக்கில் 15 கிலோவுக்குச் சற்று மேல். காரத்தன்மையை 50 இலிருந்து 100 க்கு ஏற்றச் சமையல் சோடா 5 கிலோ. பிஹெச் 7.5 இல் நின்றால் கூட்டல் 12.1 வரும், கழித்தால் பூஜ்யம்.

இதைச் சொன்னபோது மாமா என்னை ஏற இறங்கப் பார்த்தார். "மக்களே, ஊரெல்லாம் தண்ணியில சுண்ணாம்பு இருக்குன்னு மெஷின் வாங்கி எடுக்கான். நான் காசு குடுத்து வாங்கிப் போடணுமா?"

ஆமாம், போட வேண்டும். போடும் முறையில் கவனம் தேவை. பிளாஸ்டிக் வாளியில் முதலில் தண்ணீர், அதில் கொஞ்சம் கொஞ்சமாகக் கால்சியம் குளோரைடு. மாற்றிச் செய்யக் கூடாது. சுண்ணாம்பு நீற்றும்போது கொதிப்பதைப் பார்த்தவர்களுக்கு ஆச்சரியமாக இருக்காது, இதுவும் கரையும்போது கை சுடும் அளவுக்குச் சூடாகும். ஒரே நாளில் முழுவதையும் கொட்டாமல் மூன்று நான்கு நாளாகப் பிரித்து, மோட்டார் ஓடும்போது சுற்றிலும் ஊற்றலாம். சோடாவையும் இதையும் ஒரே நாளில் போட்டால் இரண்டும் சேர்ந்து குளமே பாலாகிவிடும். ஸ்டிராவில் ஊதிய அதே பால். ஒருநாள் இடைவெளி விடுங்கள்.

கூடிய கால்சியத்தைக் குறைக்கச் சுலபமான மருந்து எதுவும் இல்லை. கொஞ்சம் தண்ணீரை வெளியேற்றி மெல்லிய நீரைச் சேர்ப்பதுதான் வழி. 600 இருக்கும் குளத்தில் பாதியை எடுத்துவிட்டு மழைநீர் விட்டால் 300. கூரையில் விழும் மழையைக் குழாய் வழியே வடிகட்டிக் குளத்துக்குத் திருப்பினால் லாரித் தண்ணீர் செலவும் மிச்சம். நண்பன் கடந்த மழையில் அதைத்தான் செய்தான். டைல்ஸில் இருந்த பட்டைக்கு வினிகரை நனைத்த துணியைக் கொஞ்ச நேரம் ஒட்டிவைத்து, நைலான் பிரஷால் தேய்த்துக் கழுவினார்கள். வினிகர் பட்டதும் நுரைத்தால் அது சுண்ணாம்புதான், நுரைக்காவிட்டால் வேறு ஏதோ என்று பையனுக்கும் இப்போது தெரியும். இதைக் கடப்பா கல் பக்கம் மட்டும் கொண்டுபோகக் கூடாது.

தண்ணீரை எடுக்கும்போது ஒரு எச்சரிக்கை. அடைமழைக் காலத்தில் குளத்தை முழுக்கக் காலி செய்யாதீர்கள். நிலத்தடி நீர் ஏறி நிற்கும்போது காலிக் குளம் படகு மாதிரி. அடியிலிருந்து வரும் அழுத்தத்தில் ஃபைபர் தொட்டி மேலெழும், சிமெண்ட் தரை விரிசல் விடும். பாதிவரை எடுத்து நிரப்பி, ஒரு வாரம் விட்டு மறுபடி எடுப்பது பாதுகாப்பு.

மாமாவின் குளத்தில் எண் இப்போது பூஜ்யத்துக்குப் பக்கத்தில் நிற்கிறது. ஆனால் போன சுண்ணாம்பு சுவருக்குத் திரும்பி வராது. கால்சியம் சேர்த்தால் அரிப்பு நிற்கும், அரித்த இடம் வழவழப்பாகாது. அதனால் வரும் கோடையில் பூச்சைச் செதுக்கி எடுத்துவிட்டு டைல்ஸும் எபாக்சி கிரவுட்டும் போடப் போகிறார். பழைய கொத்தனாரையே கூப்பிட்டிருக்கிறார். மன்னிப்பெல்லாம் கேட்கவில்லை, கூலியைக் கூட்டிப் பேசியிருப்பதாகக் கேள்வி.